வாய்ப்பு மாணவர் உள்ளே வரக்கூடாது

எங்கள் உயிர்மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் எல்லாமே நீளம். நடைபாதை நீளம், மதிய இடைவேளை அதைவிட நீளம், இயக்குநரின் பேச்சு இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதனால் ஆய்வுக்கூடத்தையே பார்த்திராத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியபோது, ‘உயிர்மருத்துவ அறிவியலில் குறைவாக இடம்பெற்ற பிரிவினருக்கான இளநிலை ஆராய்ச்சிப் பயிற்சி வாய்ப்புத் திட்டம்’ என்று அதற்குப் பெயர் வைத்ததில் யாருக்கும் வியப்பில்லை. அதை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் ஒருவர்தான். அந்த மூச்சுக்காகவே அவருக்கு அந்தப் பதவி கிடைத்தது என்று சொல்வார்கள். மற்றவர்கள் ‘வாய்ப்பு’ என்று சுருக்கிக்கொண்டோம். விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் ‘வாய்ப்பு மாணவர்கள்’ ஆனார்கள்.

நான் அங்கே நூலகர். என்னைத் தேடி யாரும் வருவதில்லை. ஆனால் வேறு எங்கும் உட்கார இடமில்லாதவர்களை எல்லாம் என்னிடம் அனுப்பிவிடுவார்கள். அதனால் வாய்ப்பு மாணவர்கள் என் தலையில் விழுந்தார்கள், அவர்கள் கதையும் எனக்குத் தெரியவந்தது.

அந்த வருடம் வந்தவர்களில் ஒருத்தியை வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. சின்னவள் உயிரியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள். அவள் கல்லூரியில் ஒரு நுண்ணோக்கி உண்டு. அதைத் துறைத்தலைவர் தன் அறை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். மாணவர்கள் பயன்படுத்தினால் வீணாகிவிடும் என்பது அவர் கவலை. சின்னவளுக்கோ உயிருள்ள செல்லைத் தன் கையால் வளர்த்துப் பார்க்கவேண்டும் என்று ஆசை. சும்மா ஆசையில்லை, சோறு தண்ணீர் மறக்கும் ஆசை.

ஆனால் வீட்டில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். அவளுடைய அக்கா, பெரியவள், ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அங்கே பில் போடும் இடம் காலியாக இருந்தது. விடுமுறை முடியும்வரை அந்த இடத்தை வைத்திருப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். வாய்ப்பில் சேர்ந்து உருப்படியாக ஏதாவது கற்றுக்கொண்டால் சின்னவள் படிப்பைத் தொடரலாம். இல்லையென்றால் கடைசி வருடத்தைத் தபாலில் படித்துக்கொண்டு பில் போடவேண்டும். மேற்படிப்பு நேர்காணலில் முதல் கேள்வியே “செல் வளர்த்திருக்கியா?” என்பதுதான். முந்தைய வருடம் அவள் கல்லூரிப் பெண் ஒருத்தி “படத்துல பாத்திருக்கேன் சார்” என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினாள். இப்போது அவள் துணிக்கடையில் இருக்கிறாள்.

சின்னவள் தேர்வுக்கு வந்த அன்று செல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதை மனப்பாடமாக வைத்திருந்தாள். வாயைத் திறந்ததுமே இயக்குநர் கையமர்த்தினார்.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல உன் கஷ்டத்தைச் சொல்லு.”

“என்ன கஷ்டம் சார்?”

தேர்வுக் குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கெட்டிக்காரப் பெண்தான், கஷ்டம்தான் கொஞ்சம் குறைகிறது என்று அவர்களுக்குப் பட்டிருக்கவேண்டும். உதவ முன்வந்தார்கள்.

“வீட்டுல விளக்கு இல்லாம படிச்சிருக்கியா?”

“கரண்ட் போனா மெழுகுவத்தி வச்சுப் படிச்சிருக்கேன்.”

“காலேஜுக்கு நடந்துதானே போவே?”

“பஸ்ல போவேன் சார்.”

“பஸ்ல உட்கார இடம் கிடைக்குமா?”

“சில நாள் கிடைக்காது.”

“நின்னுக்கிட்டே போயிருக்கா, பாவம்” என்றார் ஒருங்கிணைப்பாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இடம் கிடைத்துவிட்டது. அதன்பிறகு எந்த மேடையிலும் அவளை “மெழுகுவர்த்தி ஒளியில் படித்து, நின்ற கால் நின்றபடியே கல்லூரிக்குச் சென்றவர்” என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். தொடக்க விழாவுக்கு வந்திருந்த அவள் அம்மாவுக்கு இதைக் கேட்டுத் தாங்கவில்லை. “என்னடி இது? நம்ம வீட்டுல டியூப்லைட் எரியுதுன்னு எந்திரிச்சுச் சொல்லட்டுமா?” என்று வரிசையிலிருந்து எழப்போனவரைச் சின்னவள் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

தொடக்க விழாவில் இயக்குநர் பேசியதை நான் அப்படியே தருகிறேன். எதையும் கூட்டவில்லை. குறைக்கத்தான் செய்திருக்கிறேன்.

“அன்பு மாணவச் செல்வங்களே! உங்களில் ஒருவர்கூட இதுவரை ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. அந்தத் தூய்மையை இந்த நிறுவனம் மதிக்கிறது, போற்றுகிறது, பாதுகாக்கும். உங்களுக்காக ஒரு கதவைத் திறந்திருக்கிறோம். அது எந்தக் கதவு என்பதை நீங்களே தேடிக் கண்டுபிடிப்பீர்கள். ஏனென்றால், தேடுவதுதானே ஆராய்ச்சி! என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இயக்குநரான நாளிலிருந்து ஆய்வுக்கூடத்துப் பக்கமே போனதில்லை. எதை இழந்தேன்?”

பலத்த கைதட்டல். பிறகு எல்லோருக்கும் வெள்ளை அங்கி மாட்டிவிட்டார்கள். ஒரே அளவு. சின்னவளுக்கு அது கணுக்கால்வரை தொங்கியது. நெட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட பையனுக்கு இடுப்போடு நின்றது. வரவேற்பறைக் கண்ணாடிப் பேழையிலிருந்து ஒரு நுண்ணோக்கியை எடுத்துவந்து நடுவில் வைத்தார்கள். சின்னவள் ஆவலாகக் குனிந்து பார்த்தாள். இருட்டாக இருந்தது. உள்ளே வில்லை எதுவும் இல்லை.

“சிரிங்க, கண்டுபிடிச்ச மாதிரி சிரிங்க” என்றார் புகைப்படக்காரர். படம் எடுத்து முடிந்ததும் அங்கிகளை எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் செல் வளர்ப்பு ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பிள்ளைகள் போய் நின்றார்கள். கதவில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ‘வாய்ப்பு மாணவர் உள்ளே வரக்கூடாது.’ நெட்டை நேராக ஒருங்கிணைப்பாளரிடம் போய்க் கேட்டான்.

“மேடம், எப்ப உள்ள விடுவீங்க?”

“உள்ள போயி என்னப்பா பண்ணப் போறே?”

“கத்துக்கலாம்னு...”

ஒருங்கிணைப்பாளர் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தாய் மாதிரி விளக்கினார். “நீ ஏன் இந்தத் திட்டத்துல இருக்கே? ஆய்வுக்கூடத்துல உங்க ஆளுங்க குறைவா இருக்கறதாலதானே? நீ உள்ள போயிட்டேன்னு வை. அப்புறம் நீ உள்ள இருக்கறவன் ஆயிடறே. உள்ள இருக்கறவனுக்கு இந்தத் திட்டத்துல இடமே கிடையாதே! உன் இடம் பறிபோகக் கூடாதேன்னுதான்ப்பா இவ்வளவு பாடுபடறோம்.”

நெட்டை வெளியே வந்து வெகுநேரம் யோசித்தான். “மேடம் சொல்றது சரியாத்தான் இருக்கு. ஆனா தலை சுத்துது” என்றான்.

பயிற்சி நடக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நடந்தது, மூச்சுவிட நேரமில்லாமல் நடந்தது. ‘ஆராய்ச்சியாளராக உணர்தல்’ என்று காலையில் ஒரு வகுப்பு. பயிற்றுநர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வார். “இப்ப நீங்க ஆய்வுக்கூடத்துல இருக்கீங்க. முன்னாடி ஒரு கண்டுபிடிப்பு இருக்கு. தொட்டுப் பாருங்க.” பிள்ளைகள் காற்றைத் தொட்டார்கள். “கண்ணைத் திறக்கலாமா சார்?” என்று ஒருத்தி கேட்டாள். “திறந்தா எல்லாம் போயிடும்” என்றார் அவர்.

பிறகு பாதுகாப்புப் பயிற்சி. அமிலம், தீ, கண்ணாடி, கிருமி எல்லாவற்றையும் பற்றி நாள்கணக்கில் பயமுறுத்திவிட்டுத் தேர்வு வைத்தார்கள். ‘ஆய்வுக்கூடத்தில் விபத்தைத் தவிர்க்கச் சிறந்த வழி எது?’ என்ற கேள்விக்குச் சின்னவள் பக்கம் பக்கமாக எழுதினாள். நெட்டை ‘உள்ளே போகாமல் இருப்பது’ என்று ஒரே வரி எழுதினான். முழு மதிப்பெண் அவனுக்குத்தான்.

அடுத்தது நிழல் பயிற்சி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிகாட்டி. விஞ்ஞானி எங்கே போனாலும் பிள்ளை நிழலாகப் பின்தொடரவேண்டும், நிழல் பேசாது. சின்னவளுக்கு வாய்த்த வழிகாட்டி செல் வளர்ப்பு ஆய்வுக்கூடத்தின் தலைவி. வெடுக்கென்று பேசுகிறவர், நல்ல வேலைக்காரி. ஆனால் அவரைப் பாதி நாள் கூட்டம் தின்றுவிடும். எஞ்சிய நேரத்தில் ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவார். சின்னவள் அவர் பின்னாலேயே ஓடி, கண்ணாடிக் கதவு முகத்தில் சாத்தப்பட்டதும் நின்றுவிடுவாள். தலைவி சில நாள் திரும்பிப் பார்ப்பார், கதவில் ஒட்டியிருப்பதைப் படிப்பார், உதட்டைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். விதியை எதிர்த்துச் சண்டை போட்டால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் நிறுவனமே பரபரப்பானது. ‘குறைவாக இடம்பெற்ற பிரிவினரின் ரத்தத்தில் சில கூறுகள்’ என்று ஓர் ஆய்வுக்கு நிதி வந்திருந்தது. அப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது என்று கூட்டம் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் யாரோ ஜன்னல் வழியாக என் நூலகத்தைப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ரத்தம் எடுத்தார்கள். சீட்டு ஒட்டிய சிறு குழாய்கள் தட்டில் அடுக்கப்பட்டு, கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போயின. வாய்ப்பு மாணவர்களிடமிருந்து முதன்முதலாக உள்ளே நுழைந்தது அதுதான். நெட்டை பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். “அதோ மூணாவது என்னோடது. கொடுத்து வச்சது” என்றான்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் நான் செய்தது ஒன்றுதான். செல் வளர்ப்புக் கையேடு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, சின்னவள் முன்னால் போட்டேன். அதை எங்கள் விஞ்ஞானிகள் கேட்டு வருடக்கணக்காகிறது. அவள் அதைக் கதைப்புத்தகம் மாதிரி படித்தாள். மதியத்தில் பென்சிலை உறிஞ்சுகுழாயாகவும் தண்ணீர் போத்தலைக் குடுவையாகவும் வைத்துக்கொண்டு என் மேசை மூலையில் தனியாகப் பழகிக்கொண்டிருப்பாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

விடுமுறை கரைந்துகொண்டிருந்தது. பெரியவள் போன் பண்ணும்போதெல்லாம் “கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார்டி, என்ன சொல்லட்டும்?” என்பாள். சின்னவள் “கொஞ்சம் பொறுக்கா” என்பாள். வைத்த பிறகு போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். 

நிறைவு விழாவுக்கு நிதி கொடுப்பவர்கள் வருவதாகத் தகவல் வந்தது. நிறுவனம் தலைகீழாக நின்றது. விஞ்ஞானிகள் எல்லோரும் அரங்கில் கூடி ‘வழிகாட்டுதல் எப்படி என்னை மாற்றியது’ என்று மேடையில் அழுவதற்கு ஒத்திகை பார்க்கவேண்டும் என்று உத்தரவு. ஆய்வு மாணவர்கள் நாற்காலி தூக்கினார்கள். செல் வளர்ப்பு ஆய்வுக்கூடத்தின் ஒரே ஆய்வு மாணவி ஒரு நாற்காலி அடுக்கைத் தூக்கப்போய் மணிக்கட்டு பிசகி, கையைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினாள். பிள்ளைகள் அவளை அக்கா என்பார்கள். உள்ளே அவளுடைய செல்கள் குடுவைகளில் நெருக்கியடித்து வளர்ந்திருந்தன. அவை மூழ்கியிருக்கும் சிவப்புத் திரவம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. மஞ்சளானால் உணவு தீர்ந்து கழிவு சேர்ந்துவிட்டது என்று பொருள். உடனே எடுத்துப் பிரித்துப் புதுத் திரவத்தில் விடவில்லையென்றால் ஒரு வருட உழைப்பு செத்துப்போகும். ஒற்றைக் கையால் அது ஆகிற காரியமில்லை. தலைவிக்குப் போன் பண்ணினால் அவர் மேடையில் அழுதுகொண்டிருந்தார், எடுக்கவில்லை.

கதவுக்கு வெளியே நிழல் நின்றுகொண்டிருந்தது. அக்கா கதவைத் திறந்தாள்.

“ஏய், நீ அந்தக் கையேட்டைப் படிக்கறவதானே? ட்ரிப்சின்னா என்ன?”

“அடியில ஒட்டிக்கிட்டிருக்கற செல்லைப் பிரிச்சு விடும்க்கா. ரொம்ப நேரம் விட்டா செல்லையே கெடுத்துடும்.”

“வா உள்ள. விதியை நான் பாத்துக்கறேன்.”

சின்னவள் கை கழுவினாள், அக்கா தந்த அதே ஒரே அளவு அங்கியைப் போட்டுக்கொண்டாள், கையுறை மாட்டினாள், அதன்மேல் கிருமி கொல்லும் ஆல்கஹால் தெளித்துக்கொண்டாள். கிருமி நுழையாதபடி சுத்தக் காற்று வீசும் கண்ணாடிப் பெட்டிக்குள் கைகளை நீட்டினாள். அக்கா பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தாள். “குடுவையைச் சாய். பழைய தண்ணியை மேலாக உறிஞ்சு. செல்மேல நேரா ஊத்தாதே, சுவர் வழியா விடு. அப்படித்தான்.” முதல் குடுவையில் உறிஞ்சுகுழாயின் நுனி போத்தல் விளிம்பில் பட்டுவிட்டது. “தூக்கிப் போடு, கிருமி ஒட்டியிருக்கும், வேற எடு. பட்டதும் பட்டுச்சுன்னு ஒத்துக்கணும், அவ்வளவுதான் இதுல நேர்மை” என்றாள் அக்கா. இரண்டாவதிலிருந்து கை பழகிவிட்டது. எல்லாம் முடிந்ததும் அக்கா ஒரு குடுவையை நுண்ணோக்கியின் கீழே வைத்து நகர்ந்துகொண்டாள். சின்னவள் குனிந்தாள். உருண்டை உருண்டையாக, ஓரத்தில் ஒளியோடு, அவை மிதந்துகொண்டிருந்தன. உயிரோடு இருந்தன. அவள் அழுதாள். யாரும் ஒத்திகை பார்க்கச் சொல்லவில்லை.

மறுநாள் அவை அடியில் ஒட்டிக் கைகால் நீட்டிக் கிடந்தன. அதற்கடுத்த நாளும் அவள் போனாள். எல்லோரும் ஒத்திகையில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நாள்தோறும் செல்லைப் பார்த்துவிட்டு நூலகத்துக்கு வருவாள். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

மாட்டிக்கொண்டதும் விழாக்காரர்களால்தான். நிதி கொடுப்பவர்களை முன்கூட்டியே சுற்றிக்காட்டக் கூட்டிவந்த இயக்குநர், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று கையை விரித்தார். “என்றேனும் ஒரு நாள், நம் வாய்ப்பு மாணவி ஒருத்தி இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். அந்தக் கனவுக்காகத்தான் உங்கள் நிதி!”

விருந்தினர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். சின்னவள் உட்கார்ந்திருந்தாள். தொடக்க விழாப் படத்தில் இருந்த மாதிரியே கணுக்கால்வரை தொங்கும் அங்கி அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. “இந்தப் பொண்ணு மெழுகுவத்திப் பொண்ணுதானே?” என்றார் ஒரு விருந்தினர், உற்சாகமாக. இயக்குநரின் முகத்தில் ஈயாடவில்லை. கனவு நனவாகிவிட்டால் அடுத்த ஆண்டு நிதிக்கு எங்கே போவது?

அன்று மாலையே விசாரணைக் குழு அமைத்தார்கள். இயக்குநர், ஒருங்கிணைப்பாளர், ஆய்வுக்கூடத் தலைவி மூன்று பேரும் உறுப்பினர்கள். நடப்பதை எழுத நடுநிலையாளர் வேண்டும் என்று என்னை உட்காரவைத்தார்கள். நூலகர் எந்தப் பக்கமும் இல்லாதவர் என்பது அவர்கள் எண்ணம். கதவைத் திறந்தது தான்தான் என்று அக்கா எழுதிக்கொடுத்த கடிதத்தை விழா அவசரத்தில் யாரும் பிரிக்கவில்லை.

விசாரணைக்கு முன் ஒருங்கிணைப்பாளர் சின்னவளை என் நூலகத்தில் சந்தித்தார். அவருக்கு அவள்மேல் உண்மையாகவே பாசம்.

“கண்ணு, பயப்படாதே. ‘நான் ஒண்ணுமே செய்யல, எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா நின்னுக்கிட்டிருந்தேன்’னு சொல்லிடு. மத்த பிள்ளைங்க எல்லாம் அப்படித்தானே? அப்படிச் சொல்லிட்டா நீயும் ஆராய்ச்சிப் பயிற்சியை வெற்றிகரமா முடிச்சவ. மேடையில சான்றிதழ் உண்டு.”

“நான்தான் செஞ்சேன்னு சொன்னா?”

“ஆராய்ச்சி செஞ்சதுக்காக ஆராய்ச்சிப் பயிற்சியிலிருந்து நீக்கிடுவாங்கம்மா. சான்றிதழ் கிடையாது.”

சின்னவள் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் பண்ணினாள். அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. “செய்யலன்னு சொல்லிட்டு வாங்கிட்டு வாடி! காகிதத்தைக் காட்டினாத்தான் அக்கா கடைக்காரர்கிட்ட வேணாம்னு சொல்ல முடியும்.” அப்பா போனை வாங்கினார். “செஞ்சியா?” என்று கேட்டார். “செஞ்சேன்ப்பா.” “நல்லா செஞ்சியா?” “நல்லா செஞ்சேன்.” “உனக்குத் தோணறதைச் சொல்லு” என்று வைத்துவிட்டார்.

விசாரணையில் இயக்குநர் தொண்டையைச் செருமினார். “இவர் ஆய்வுக்கூடத்தில் வெறுமனே நின்றுகொண்டிருந்தார் என்றே நாங்கள் நம்ப விரும்புகிறோம். அப்படித்தானே அம்மா?”

சின்னவள் தலையை ஆட்டினாள். “இல்ல சார். செல்லைப் பிரிச்சது நான். உணவு மாத்தினது நான். முதல் தடவை குழாய் விளிம்புல பட்டது, அதைத் தூக்கிப் போட்டுட்டேன். மத்ததெல்லாம் உயிரோட இருக்கு.”

“இவளுக்கு இது வராது சார். நாங்க எதுவுமே கத்துக்கொடுக்கல, நான் சத்தியம் பண்றேன்” என்று ஒருங்கிணைப்பாளர் பதறினார். அது குழுவுக்கு நியாயமாகப் பட்டது. எதுவும் கற்றுத்தராத ஒருத்தி இத்தகைய குற்றத்தைச் செய்திருக்க முடியுமா? செய்துகாட்டச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். எல்லோரும் எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். “கை கழுவாம யாரும் உள்ள வராதீங்க” என்றார் தலைவி. இயக்குநர் இடமும் வலமுமாகப் பார்த்தார். தொட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சின்னவள்தான் கைகாட்டினாள்.

பிறகு அவள் உட்கார்ந்து வேலை செய்தாள். இயக்குநர் நடுவில் “எதற்காக இந்த நிறம் மாறுகிறது?” என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அவள் சொன்னாள். தலைவி ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டார். எத்தனை பங்காகப் பிரித்தாய், எப்படி எண்ணினாய், செத்ததை எப்படி அடையாளம் கண்டாய் என்று விடாமல் கேட்டார். விடுமுறை முழுக்க அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்காத கேள்விகள் அவை. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒன்றுக்கு மட்டும் “தெரியல மேடம்” என்றாள்.

தலைவி நுண்ணோக்கியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “செஞ்சது இவதான். சந்தேகமே இல்ல” என்றார்.

இயக்குநர் வருத்தத்தோடு தீர்ப்புச் சொன்னார். “இவ்வளவு நன்றாகச் செய்திருக்கக் கூடாது. கொஞ்சம் பிசகியிருந்தால்கூட மன்னித்திருப்போம். குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது. இவர் இனி குறைவாக இடம்பெற்றவர் அல்லர். வாய்ப்புத் திட்டத்திலிருந்து இப்போதே நீக்குகிறோம்.”

நான் எழுதினேன். சின்னவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவளும் மருந்துக்கடையும் பில் போடும் நாற்காலியும் என் கண்ணுக்குள் வந்து நின்றன.

தலைவி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அப்ப இவ இனிமே வாய்ப்பு மாணவி இல்ல?”

“இல்லவே இல்லை.”

“வாய்ப்பு மாணவர் உள்ள வரக்கூடாதுங்கற விதி இவளுக்கு?”

இயக்குநர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்தார். “அப்படி ஒரு நிலைமை இதுவரை வந்ததில்லை. இதுவரை வந்த எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்” என்றார் இயக்குநர் கடைசியில்.

“அதான் ஒருத்தரும் உள்ள வரல” என்றார் தலைவி. சின்னவள் பக்கம் திரும்பினார். “என் ஆளுக்குக் கை கட்டு பிரிய நாளாகும். நாளைக்குக் காலையில வா. காலேஜ் திறந்தப்புறம் சனிக்கிழமை வா. மேற்படிப்புக்குப் போறப்ப யார் கேட்டாலும் உன் கை என்ன செய்யும்னு நான் சொல்றேன். தெரியலன்னு சொன்னே பாரு ஒண்ணு, அதுக்கும் நாளைக்குப் பதிலோட வா.”

அன்று போனில் சின்னவள் “நீக்கிட்டாங்கம்மா” என்று சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் அம்மா பயந்துபோனார். விஷயம் புரிய வெகுநேரம் ஆனது. புரிந்ததும் பெரியவளைக் கூப்பிட்டு, “அந்தக் கடைக்காரரை வேற ஆள் பாத்துக்கச் சொல்லுடி” என்று அவர் கத்தியது வராந்தாவரை கேட்டது.

நிறைவு விழா அன்று அரங்கில் கைதட்டல் ஓயவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக மேடையேறி, பளபளக்கும் அட்டையில் சான்றிதழ் வாங்கினார்கள். நெட்டையை அந்த வருடத்தின் பாதுகாப்பு நாயகன் என்று தனியாகப் பாராட்டினார்கள். சின்னவள் ஆய்வு மாணவி அக்காவோடு ஆய்வுக்கூடத்தில் குடுவைகளை மாற்றிக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்ததும் நெட்டை சான்றிதழோடு கண்ணாடிக் கதவுக்கு வந்தான். உள்ளே பார்த்தான். கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். வழியோடு போன ஒருங்கிணைப்பாளரை நிறுத்தினான்.

“மேடம், என்னையும் நீக்கணும். யாருக்கு எழுதித் தரணும்?”

ஒருங்கிணைப்பாளர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். “என்னப்பா பேசறே? எல்லாரையும் நீக்கிட்டா நாங்க வாய்ப்பை யாருக்குத் தர்றது?”

நெட்டை யோசித்தான். இந்த முறை அவனுக்குத் தலை சுற்றவில்லை. “இதைக் கொஞ்சம் பிடிங்க மேடம்” என்று சான்றிதழை அவர் கையில் கொடுத்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவன் முதலில் கேட்டது, தன் அளவுக்குக் கையுறை இருக்கிறதா என்றுதான்.